அம்மை இல்லாத பதினோரு நாட்கள்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து மூன்று ஆடி மாதங்கள் போய்விட்டன. ஒவ்வொரு வருடமும் எல்லையம்மனுக்குக் கூழ் ஊற்றி முடித்த மறுநாள், என் மகளுடைய பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு உட்காருவேன். முதல் வரியே வராது. நான் எட்டாவது வரை படித்தவள், எழுத்து சரளமாக வராது என்பது ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் அது இல்லை. எழுதினால் அம்மனைக் குறை சொன்னதாக ஆகிவிடுமோ என்று ஒரு பயம். எழுதாமல் விட்டால், நான் செய்ததை அம்மன் பெயருக்குப் பின்னால் ஒளித்து வைத்ததாக ஆகுமே என்று இன்னொரு பயம். இரண்டாவது பயம்தான் பெரியது என்று இந்த வருடம் தோன்றியது. தாயே, நீயே துணை என்று தொடங்குகிறேன்.

அவள் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் கும்மிடிப்பூண்டியில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். "பாதிப் பேர்" என்று நான் சொல்வதை அவள் கேட்டிருந்தால், "எண்ணிப் பாத்தீங்களாக்கா?" என்றிருப்பாள். அப்படிப்பட்டவள் அவள்.

தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம் எங்கள் ஊர். எங்கள் நிலத்தில் ஒரு பங்கு கம்பெனிகளுக்குப் போனது. மிச்சத்தில் என் வீட்டுக்காரர் இன்னும் நெல் போடுகிறார். வீட்டுக்குப் பின்னால் வரிசையாக ஐந்து அறை கட்டி, கம்பெனி வேலைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். மூன்றாவது அறைக்குத்தான் அவள் வந்தாள். பள்ளிப்பட்டுப் பக்கம். அப்பாவை நைனா என்பாள். முப்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை, அம்மா இல்லை. வண்டிகளுக்கு அலுமினிய பாகம் வார்க்கிற கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. பளிச்சென்ற விளக்குக்குக் கீழே ஒவ்வொரு பாகத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, மயிரிழை விரிசல் இருந்தால் கண்டுபிடிக்க வேண்டும். நல்லது பச்சைத் தட்டுக்கு, கெட்டது சிவப்புத் தட்டுக்கு. சந்தேகமானது மஞ்சள் தட்டுக்கு.

வேலையில் இருந்த அந்தப் பழக்கம் வீட்டிலும் அவளை விடவில்லை. "மோட்டாரே ஓடல, தண்ணி சுத்தமா நின்னுபோச்சு" என்று நான் கத்தினால், குழாயைத் திறந்து பார்த்துவிட்டு வந்து, "நிக்கலக்கா, நூலு மாதிரி வந்துகினு கீது" என்பாள். பொங்கல் படைத்து அவளுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். எல்லாரும் "சூப்பர்க்கா" என்றார்கள். அவள் சாப்பிட்டு, கிண்ணத்தைக் கழுவிக் கொடுத்துவிட்டு, "நல்லா இருந்துச்சுக்கா. உப்பு ஒரு கல்லு அதிகம்" என்றாள். சாமிக்குப் படைத்ததில் யாராவது உப்பு பார்ப்பார்களா? எனக்குச் சுருக்கென்றது. சட்டியில் மிச்சம் இருந்ததை வாயில் போட்டுப் பார்த்தேன். ஒரு கல் அதிகம்தான்.

ஐந்தாவது அறையில் மேரி இருந்தாள். ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. எதையும் பெரிதாகச் சொல்வதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு நாள் காலையில் பக்கெட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அக்கா! பாத்ரூமாண்ட பாம்புக்கா! ஆறடி! என் தொட தண்டிக்கு கீது!"

என் வீட்டுக்காரர் கம்பு தேடினார். இவள் மட்டும் துடைப்பத்தோடு நேராகப் போய், அதைப் பாம்புக்கு ஒரு கை தள்ளி நீட்டிப் பிடித்து அளந்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"தண்ணிப் பாம்பு. தொடப்பத்த விட சின்னது. உன் தொட இவ்ளோதான் இருந்தா நீ எப்பவோ ஒடஞ்சி உழுந்திருப்ப மேரிக்கா."

"ஆமாண்டி, கலெக்டரு வந்துட்டா அளக்கறதுக்கு!" என்று மேரி சிரித்தாள். நாங்கள் எல்லாருமே சிரித்தோம். பாம்பு தானாகவே வயல் பக்கம் போய்விட்டது.

ஆனால் அப்படிப்பட்டவர்களிடம் யாரும் அதிக நேரம் உட்கார்ந்து பேச மாட்டார்கள். எனக்கே அப்படித்தான். ஒரு தடவை, புயல் அடித்த அன்று எங்கள் அம்மன் கோயில் விளக்கு அணையவே இல்லை என்று மெய்சிலிர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். "நீங்க பாத்தீங்களாக்கா, இல்ல பூசாரி சொன்னாரா?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பெண்கள் ஒரு இடத்தில் கூடிப் பேசும்போது அவள் வந்தால் பேச்சு கொஞ்சம் சுருங்கும். அது அவளுக்கும் தெரியும். வேலை விட்டு வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நைனாவுக்கு போன் பேசுவாள். அவருக்குக் காது மந்தம். அவள் கத்திப் பேசுவது எங்கள் அடுப்படி வரை கேட்கும்.

பங்குனியில் கம்பெனியில் தடுக்கி விழுந்து, இரும்புச் சட்டத்தில் தலை மோதிக்கொண்டாள். மண்டையில் வீக்கம், ஒரு வாரமாகத் தலைவலி. கம்பெனியில் சென்னைக்கு ஸ்கேன் எடுக்க அனுப்பினார்கள். அடிபட்ட இடத்தில் ஒன்றுமில்லை. ஆனால் மூளைக்குள் வேறு எதையோ பார்த்துவிட்டார்கள். அதற்கப்புறம் முதுகு ஸ்கேன், ரத்தம், முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்து ஒரு பரிசோதனை. எல்லாவற்றுக்கும் தனியாகவே மின்சார ரயிலில் போய் வந்தாள். எல்லாம் முடிந்த பிறகுதான் என்னிடம் சொன்னாள். அதையும் நான் கேட்டதால்தான் சொன்னாள்.

"உடம்புக்கு இன்னாமா?"

"ஒண்ணும் இல்லக்கா."

"அப்போ இன்னாத்துக்கு வாரா வாரம் ஆஸ்பத்திரி?"

அவள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். டாக்டரம்மா சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்று ஒரு வியாதி. ஒயர் மேல் ரப்பர் இருக்கிற மாதிரி நரம்பு மேல் ஒரு உறை இருக்கிறது. அந்த உறையை உடம்பே அங்கங்கே அரித்துவிடும். வந்தால் கண் மங்கலாம், கை கால் மரத்துப் போகலாம், நடை தள்ளாடலாம். அவள் ஸ்கேனில் அந்த மாதிரி வெள்ளைத் தடங்கள் இருக்கின்றன. ஆனால் அவள் உடம்பில் ஒரு குறையும் இல்லை.

"அப்போ அந்த வியாதி உனக்கு கீதா, இல்லியா?"

"கீதுன்னும் சொல்லக் கூடாது, இல்லன்னும் சொல்லக் கூடாது. தடம் கீது. வியாதி வர்ல. பின்னாடி வரலாம், வராமலே போகலாம். முன்னாடியே மாத்திரை குடுத்தா வர்றது கொறையுதுன்னு இப்போ பாத்திருக்காங்களாம். அதுவும் எல்லாருக்கும் இல்ல. சாப்பிடறதா வேணாமான்னு நீயே யோசிச்சி சொல்லுன்னாங்க." பிறகு, "எங்க கம்பெனியில மஞ்சத் தட்டுல போடுவோம் பாருங்க, அந்த பீஸு நானு" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. புரியவும் இல்லை என்பதுதான் உண்மை. வராத வியாதிக்கு மருந்து சாப்பிடுவார்களா? ஜுரம் வந்தால் மாத்திரை, போனால் நிறுத்தம். நான் அறிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

"சாமிய நம்பி உட்டுடு. ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"ஆகாதுன்னு யாருக்குக்கா தெரியும்?" என்றாள்.

நைனாவிடம் சொல்லவில்லை. போனில் கத்திச் சொல்லக்கூடிய விஷயமா அது? இந்தச் சமயத்தில் நகரிப் பக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீடு வந்தது. பெண்ணைப் பிடித்துப் போய், தட்டு மாற்றுகிற வரை பேச்சு வந்துவிட்டது. இவளே மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, ஸ்கேனில் இருப்பதை முழுசாகச் சொல்லிவிட்டாள். "உனக்கு பைத்தியமா? வராத வியாதிய யாருனா சொல்லுவாங்களா?" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"அவங்க இன்னா சொன்னாங்க?" என்றும் கேட்டேன்.

"வியாதின்னா வைத்தியம் பாக்கலாம், இல்லன்னா சந்தோஷம், ரெண்டுமில்லாம இருந்தா நாங்க இன்னான்னு நெனைக்கறதுன்னு கேட்டாங்க." ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவங்க கேட்டது கரெக்ட்டுதான்க்கா."

மேரியிடமும் அவள் இதே அளவில்தான் சொன்னாள். மேரி வாயில் அது புகுந்து கம்பெனி வண்டியில் ஏறி இறங்குவதற்குள், மூளையில் புழு என்று ஆகிவிட்டது. இன்னொரு வண்டியில் அதுவே மூளைக் கட்டி. ஒருத்தி வந்து, "அந்த பொண்ணுக்கு வலிப்பாமே, தனியா உட்டு வெச்சிருக்கீங்களே?" என்று என்னிடமே கேட்டாள். நேரில் பார்த்தவர்களோ, "நல்லாத்தானே கீறா, வேலைய ஏய்க்கறதுக்கு பேஜாரு பண்றா" என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு லீவு கேட்டால் சூப்பர்வைசர் காகிதம் கேட்பார். காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இதுல உனக்கு ஒண்ணும் இல்லன்னுதானே போட்டிருக்கு?" என்பார். கையில் கட்டு இல்லை, முகத்தில் வாட்டம் இல்லை. யார் எதைப் பார்த்து அவளைத் தேற்றுவார்கள்? டாக்டரம்மா ஒவ்வொரு முறையும், "கூட யாரு வந்திருக்காங்க?" என்று கேட்பாராம். "யாரும் இல்ல" என்பாளாம். அதை எனக்கு ஒரு செய்தி மாதிரிதான் சொன்னாள். நானும் செய்தி மாதிரியே கேட்டுக்கொண்டேன். பக்கத்திலேயே இருந்தேன், ஒரு நாள் கூடப் போகவில்லை.

ஆனி மாதம், மாத்திரை சாப்பிடுவதென்று முடிவு செய்தாள். "ஓடற வண்டியில கீற பீஸ கழட்டறது கஷ்டம்க்கா. தட்டுல இருக்கும்போதே பாக்கணும்" என்றாள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும். போட்ட கொஞ்ச நேரத்தில் முகமும் கழுத்தும் சிவந்து தகிக்குமாம். அரை மணி, முக்கால் மணியில் அடங்கிவிடும் என்று டாக்டரம்மாவே சொல்லி அனுப்பியிருந்தார். காலை நாஷ்டா முடித்து மாத்திரை போட்டதும் கதவைச் சாத்திக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துவிடுவாள். அதனால் அந்தச் சிவப்பை நான் பார்த்ததே இல்லை.

பார்த்தது ஆடி முதல் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு எங்கள் தெருவில் கூழ் ஊற்றினோம். கூழ் ஊற்றும்வரை வீட்டுப் பெண்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டோம். "நீயும் இரும்மா, உனக்காகத்தான் வேண்டிக்கினு கீறேன்" என்று நான்தான் அவளையும் இருக்க வைத்தேன். அவள் சாமி கும்பிடுவாள், ஆனால் விரதம் இருப்பவள் இல்லை. எனக்காக ஒத்துக்கொண்டாள். நேரம் தவறக்கூடாது என்று வெறும் வயிற்றிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

பம்பை அடித்துக்கொண்டிருந்தது. கூழ் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த அவளைத் திரும்பிப் பார்த்தேன். முகம், காது, கழுத்து எல்லாம் குங்குமம் பூசியது போலச் சிவந்திருந்தது. கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். தொட்டால் கை சுட்டது. ஆடி மாதம், அம்மன் சந்நிதி, கொதிக்கிற உடம்பு. வேறு என்ன நினைப்பேன்?

"ஆத்தா வந்துட்டா! அம்ம போட்டிருக்கு!" என்றேன்.

"அக்கா, இது மாத்திரைக்கா. அரை மணி நேரத்துல பூடும்."

"வாய மூடு! அப்டி சொல்லக் கூடாது. கோச்சிக்குவா."

அதற்குள் நாலு பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி வேப்பிலையால் விசிறினாள். ஒருத்தி காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். எங்கள் கூடத்திலேயே பாய் விரித்து, வேப்பிலை பரப்பி, அதன் மேல் வெள்ளைத் துணி போட்டு அவளைப் படுக்க வைத்தேன். வாசலில் வேப்பங்கொத்து செருகினேன். அவள் சொன்ன அரை மணி இல்லை, ஆனால் ஒரு மணி நேரத்தில் சிவப்பு போய்விட்டது. "பாத்தீங்களாக்கா?" என்றாள். "உள்ள இறங்கியிருக்கா. மெல்ல வெளிய வருவா" என்றேன் நான். கழுத்தில் சொறிந்த இடத்தில் இரண்டு தடிப்பும் நாலைந்து வேர்க்குருவும் இருந்தன. அவற்றைத்தான் அம்மை முத்து என்று எண்ணிக்கொண்டேன்.

அம்மை போட்ட வீட்டில் இங்கிலீஷ் மருந்து கூடாது. எங்கள் வீட்டில் அது தலைமுறைப் பழக்கம். அவள் மாத்திரை டப்பாவை நானே போய் எடுத்து வந்து, பூஜை அறையில் அம்மன் படத்துக்குப் பின்னால் வைத்தேன். பொட்டு வைத்துத்தான் வைத்தேன்.

அதற்கப்புறம் நடந்ததுதான் என்னை இத்தனை வருடம் எழுத விடாமல் செய்தது.

ஸ்கேன் எடுத்த நாளிலிருந்து எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாரும் வந்தார்கள். மேரி தினம் ஒரு இளநீர் வாங்கி வந்து, வாசலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டு நீட்டுவாள். "கண்ணு, சீக்கிரம் எறங்கிடும்டி, பயப்படாத" என்பாள். தெருவில் உள்ளவர்கள் மோரும் நுங்கும் கொண்டு வந்தார்கள். சாயந்தரம் பெண்கள் உட்கார்ந்து அம்மன் மேல் பாட்டுப் பாடினார்கள். சூப்பர்வைசருக்கு நான் போன் செய்து அம்மை என்றேன். ஒரு காகிதமும் கேட்கவில்லை. "தண்ணி ஊத்தினப்புறம் வரட்டும்மா, உடம்ப பாத்துக்கோங்க" என்றார். என் வீட்டுக்காரர், வெளியாட்களோடு அதிகம் பேசாதவர், வயலிலிருந்து வந்ததும் "பொண்ணு எப்டி கீது?" என்று கேட்டுவிட்டுத்தான் கை கால் கழுவுவார்.

மூன்றாம் நாள் சாயந்தரம், தலைமாட்டில் உட்கார்ந்து வேப்பிலையால் வருடிக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்:

"இப்டி எல்லாரும் வந்து பாக்கறது நல்லா கீதுக்கா."

"முத்து எத்தினி கீது? எறங்குதா?" என்று கேட்டேன்.

பாம்பை அளந்தவள், உப்பை எண்ணியவள். அவளுக்குத் தெரியாதா அங்கே முத்தே இல்லை என்று? சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"நீங்களே எண்ணிக்கோங்கக்கா."

அந்தக் குரலில் என்ன இருந்தது என்று எனக்கு அன்று புரியவில்லை. இப்போது புரிகிறது. உண்மையைச் சொன்னபோது பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. பொய்யான ஒரு அம்மைக்கு ஊரே வந்து நின்றது. அவள் வாழ்க்கையில் தப்பான ஒரு அளவை ஒத்துக்கொண்டது அந்த ஒரே தடவைதான்.

ஐந்தாம் நாள், "அந்த டப்பா…" என்று ஆரம்பித்தாள். "ஆத்தா போவட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றேன். பதினோராம் நாள் மூன்றாவது தண்ணீரும் தலைக்கு ஊற்றி, கோயிலுக்கு அழைத்துப் போய் வந்தேன். அவள் அறைக்குத் திரும்பிப் போனாள். அப்போதாவது கொடுத்திருக்கலாம். "ஆடி முடியற வரைக்கும் வேணாம், ஆத்தா வந்துட்டுப் போன உடம்பு" என்று அதையும் நானே சொன்னேன். அவள் மறுத்துப் பேசவில்லை. டப்பா எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். வந்து கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். கேட்கவில்லை. இதை என் பக்கத்து நியாயமாகச் சொல்லவில்லை. நடந்தது அது, அதனால் சொல்கிறேன்.

கூடத்தைவிட்டு அவள் போனதும், வந்தவர்களும் நின்றுவிட்டார்கள். இளநீர் நின்றது. மூன்றாவது அறைக் கதவு பழையபடி சாத்தியே இருந்தது.

ஆவணி முதல் வாரம், ஒரு காலை. நான் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். அடுப்படி வாசலில் வந்து நின்றாள். ஒரு கையால் வலது கண்ணைப் பொத்தி எதிர்ச் சுவர்க் காலண்டரைப் பார்த்தாள். பிறகு இடது கண்ணைப் பொத்திப் பார்த்தாள்.

"அக்கா, எடது கண்ணுல நடுவுல பொக மாதிரி கீது. கண்ண திருப்பினா உள்ள வலிக்குது. முந்தாநேத்து இல்ல. நேத்து லேசா. இன்னிக்கி காலண்டருல தேதி தெரியல."

"தாயே!" என்று ஓடினேன். "இரு, வெள்ளியில கண்மலர் சாத்தறேன்னு வேண்டிக்கறேன்…"

"வேண்டிக்கோங்க. ஆனா இப்போ ஆஸ்பத்திரி." சற்று நின்று, "நீங்க கூட வர்றீங்களாக்கா?" என்றாள்.

அவள் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. அடுப்பை அணைத்தேன். பூஜை அறையிலிருந்து டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறினேன். ரயில் பொன்னேரி தாண்டியது. அவள் ஒரு கண் மாற்றி ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஜன்னல் வழியாக நடவு வயலையே பார்த்துக்கொண்டு வந்தாள். "ஒரு கண்ணுல பச்சை, இன்னொரு கண்ணுல சாம்பல்" என்று மட்டும் சொன்னாள்.

டாக்டரம்மா கேட்டார்: "கூட யாரு?"

"ஹவுஸ் ஓனர் அக்கா."

"மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டீங்களா?"

"முப்பத்தி நாலு நாள் சாப்பிடல."

"ஏன்?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைக் காட்டுவாள் என்று நினைத்தேன்.

"அம்ம போட்டிருக்குன்னு நெனச்சோம்" என்றாள்.

"போட்டிருந்துச்சா?"

"இல்ல."

நெனச்சோம் என்றாள். அவள் நினைக்கவே இல்லை, நான்தான் நினைத்தேன். எனக்குத் தாங்கவில்லை. டப்பாவை மேசைமேல் வைத்தேன். "அந்தப் பொண்ணு சொல்லிச்சுமா, மாத்திரையாலதான் செவக்குதுன்னு. நான்தான் கேக்கல. நான்தான் நிறுத்தினேன். என்னாலதான் வந்துச்சா?"

டாக்டரம்மா கோபப்படவில்லை. டப்பாவில் ஒட்டியிருந்த குங்குமத்தைப் பார்த்தார். "சொல்ல முடியாதும்மா. சாப்பிட்டிருந்தாலும் வந்திருக்கலாம். சாப்பிட்டிருந்தா வராமலும் இருந்திருக்கலாம். இந்த மாத்திரை வாய்ப்பைக் குறைக்கும், கதவை அடைச்சிடாது. இனிமே எதுக்காகவும் எங்களைக் கேக்காம நிறுத்தாதீங்க. அம்மையே வந்தாலும் முதல்ல எங்ககிட்ட வாங்க" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, இனி இதை வராத வியாதி என்று சொல்ல முடியாது என்று சொன்னார். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பெயர் தெரியாமல் மஞ்சள் தட்டில் கிடந்தவளுக்கு அன்றைக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது.

ஐந்து நாள் நரம்பில் மருந்து ஏற்றினார்கள். நான் கூடவே இருந்தேன். பார்வை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஆஸ்பத்திரியில் எழுத்துகளை வாசிக்கச் சொன்னால் கடைசி வரி வரை வாசித்தாள். ஆனால் அந்தக் கண்ணில் சிவப்பு மட்டும் பலமுறை துவைத்த புடவை போல வெளுத்துத் தெரிகிறது என்றாள். வேலைக்குத் திரும்பிய முதல் நாளே, சூப்பர்வைசரிடம் தானே போய், "இந்தக் கண்ணுக்கு மயிரிழை சரியா தெரியல சார், என்ன வேற எடத்துல போடுங்க" என்று சொல்லிவிட்டாள். யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். பெட்டி கட்டுகிற இடத்துக்கு மாற்றினார்கள். மாத்திரையை மறுபடி தொடங்கினாள். கதவைச் சாத்தாமல், எங்கள் அடுப்படியில் உட்கார்ந்தே போட்டுக்கொள்வாள். முகம் சிவக்கும். நான் விசிறுவேன்.

தை மாதம் அறையைக் காலி செய்தாள். ஆஸ்பத்திரிக்குப் பக்கமாகப் போகிறேன் என்றாள். நைனாவிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். பெட்டியை வாசலில் வைத்தபோது நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

"என்னாலதான் உன் கண்ணு போச்சு. ஊர்ல எல்லார்கிட்டயும் அப்டித்தான் சொல்லிகினு கீறேன். என்னை மன்னிச்சிடுமா."

"கண்ணு போகலக்கா. கொறஞ்சிருக்கு. உங்களாலன்னு யாருக்கும் தெரியாது. டாக்டருக்கே தெரியாது. தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொல்லாதீங்க."

"உனக்கு என் மேல கோவம் இல்லியா?"

இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அவள் யோசித்தாள்.

"கீதுக்கா. முழுசா இல்ல, கொஞ்சம். மாத்திரைன்னு சொன்னேன், நீங்க கேக்கல. அப்புறம் நானும் வந்து கேக்கல. அந்தப் பதினோரு நாளு எனக்கு நல்லாவும் இருந்துச்சு. ரெண்டும் கீது. ஒண்ண எடுத்துட்டு ஒண்ண வெக்க முடியாது."

ஆட்டோ வந்தது. போய்விட்டாள். போன் எண்ணும் மாறிவிட்டது. வேறு மருந்துக்கு மாற்றிவிட்டார்கள், நன்றாக இருக்கிறாள், நடக்கிறாள், வேலைக்குப் போகிறாள் என்று மேரி சொன்னாள். நான் பார்க்கவில்லை. மேரி சொல்லக் கேட்டதுதான்.

நான் இன்றும் விளக்கேற்றுகிறேன், கூழ் ஊற்றுகிறேன். எல்லையம்மன் அவளை மருந்து சாப்பிடாதே என்று சொல்லவில்லை. சொன்னது நான். அம்மன் வாயில் என் வார்த்தையை வைத்தேன். அதற்குத் தினமும் அம்மனிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

எங்கள் தெருவில் இப்போது இந்தக் கதை இரண்டு விதமாக உலவுகிறது. மாத்திரை போட்டுக்கொண்டு கூழ் ஊற்ற வந்ததால் ஆத்தா கண்ணைப் பறித்தாள் என்று ஒரு பக்கம். சாமி சாமி என்று ஒரு பெண்ணின் கண்ணைக் குருடாக்கிய வீட்டுக்காரி என்று இன்னொரு பக்கம். இரண்டும் நடக்கவில்லை. படிக்கிற தாய்மாரே, அண்ணன்மாரே, உங்கள் வீட்டிலோ பக்கத்து அறையிலோ இப்படி ஒருத்தி இருந்தால், அவளுக்கு இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது எனக்காக இரங்கி எதையும் குறைக்காதீர்கள், என்மேல் கோபப்பட்டு எதையும் கூட்டாதீர்கள். பயமுறுத்தவும் வேண்டாம், தைரியம் கொடுக்கிறேன் என்று மழுப்பவும் வேண்டாம். யாருக்கும் தெரியாது என்று வருகிற இடத்தில், தெரியாது என்றே சொல்லுங்கள். அவள் தனியாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால், கேட்காமலே கூடப் போங்கள்.